ரிஞ்சானி மூன்று நாள் மலையேற்றப் பேக்கேஜ்: இரண்டு விலையில், இரண்டு முறை

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் இருக்கும் ரிஞ்சானி மலைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 2017 ஆகஸ்ட்டில், தேடியதில் ஆகக் குறைந்த விலைக்குக் கிடைத்த பேக்கேஜில், தலைக்கு 600 ரிங்கிட். இரண்டாவது முறை 2024 ஜூலையில், தலைக்கு 1,200 ரிங்கிட். இரண்டுமே செம்பாலூன் கிராமத்தில் ஏறி, உச்சியைத் தொட்டு, ஏரிக்கு இறங்கி, மறுபக்கம் சேனாருவில் முடிகிற மூன்று நாள், இரண்டு இரவுப் பயணத் திட்டம். மலையும் பாதையும் ஒன்றுதான். அந்த 600 ரிங்கிட் வித்தியாசம் எங்கே போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். போன மாதம் என் அண்ணன் மகன், "அத்தை, நாங்க நாலு பேரு ரிஞ்சானி போறோம், 700 ரிங்கிட்டுக்கு ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு, பணம் கட்டிடலாமா?" என்று கேட்டான். போனில் அவனுக்குச் சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரமாகியும் முடியவில்லை, சரி, எழுதியே அனுப்புகிறேன் என்றேன்.

முதலில் மலை. உயரம் 3,726 மீட்டர், இந்தோனேசிய எரிமலைகளில் சுமத்ராவின் கெரிஞ்சிக்கு அடுத்தது இதுதான். நம் மலேசியாவின் கினபாலு 4,095 மீட்டர், அங்கே ஏறியாயிற்று, இது என்ன பெரிது என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கினபாலுவில் படி இருக்கிறது, கயிறு இருக்கிறது, ராத்திரி கட்டிலில் படுக்கலாம், பஃபே சாப்பாடு உண்டு. ரிஞ்சானியில் மூன்று நாளும் நீங்கள் தின்பது, குடிப்பது, படுப்பது எல்லாமே யாரோ ஒருவர் தோளில் சுமந்துகொண்டு வந்ததுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், நான் சொல்ல வருவது முழுக்க அதைச் சுற்றித்தான்.

சுமக்கிறவர்கள் அந்த மலையடிவாரத்து சசாக் மக்கள். முதுகுப்பை கிடையாது. ஒரு மூங்கில் தண்டு, இரண்டு முனையிலும் இரண்டு கூடை. பழைய காலத்தில் நம் ஊரில் காவடி என்று சொன்னார்களே, அலங்காரம் எதுவும் இல்லாத அந்தச் சுமைக் காவடி, அச்சு அசலாக அதுதான். கூடைக்குள் டென்ட், அரிசி, முட்டை, தண்ணீர்ப் புட்டிகள், அடுப்பு, வாணலி, அன்னாசிப்பழம். காலில் ஜப்பான் சிலிப்பர், வெறும் ரப்பர் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு, நாம் இரண்டு கையிலும் கம்பு ஊன்றித் தவழ்கிற மேட்டில் அவர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள், போய் நமக்கு முன்னால் டென்ட் அடித்து, தண்ணீர் கொதிக்க வைத்து, நாம் வந்து விழும்போது கையில் தேநீர் கொடுப்பார்கள்.

2017-ல் எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர், ஒரே ஒரு கைடு, நான்கு போர்ட்டர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேருக்கு மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர், ஏழு டென்ட், எல்லாம் நான்கு தோளில். இரண்டாம் இளைப்பாறும் இடத்தில் ஒரு போர்ட்டர் காவடியை இறக்கி வைத்துவிட்டு டீ போடப் போனார், நான் போய்த் தண்டின் நடுவைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் தண்டு அழுத்துகிற இடத்தில் தோல் கறுத்து, தடித்து, செருப்பின் அடிப்பாகம்போல இருந்தது. சிலிப்பரின் ஒரு வார் அறுந்து, அதை ராஃபியா கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார். "பாக், எத்தனை கிலோ?" என்று மலாயில் கேட்டேன், நம் மலாய் அவர்களுக்கு நன்றாகவே புரிகிறது, அது நமக்கு ஒரு பெரிய வசதி. சிரித்தார், "நாற்பது இருக்கும், தெரியாது, எடை போடவில்லை" என்றார். ஒரு நாளைக்கு அவருக்கு என்ன கூலி என்றும் கேட்டேன். தொகையை எழுத மனமில்லை. நான் எந்த விலைக்குப் பேரம் பேசி வந்தேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது.

அந்தக் கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. அதே மாதிரி நடத்துகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் சரி என்று ஆகிவிடும்.

பாதையைச் சொல்கிறேன். செம்பாலூன் 1,150 மீட்டர் வாக்கில் இருக்கிறது. முதல் மூன்று மணி நேரம் புல்வெளி, நிழலே கிடையாது, ஆடு மாடு மேயும், பார்க்க அழகாக இருக்கும், தொப்பி இல்லாவிட்டால் மதியத்துக்குள் தலைவலி வரும். மூன்றாவது இளைப்பாறும் இடத்துக்குப் பிறகு ஆரம்பிக்கிறது 'புக்கிட் பெனியசாலான்', வந்ததை நினைத்து வருந்தும் குன்று என்று பொருள். ஒரு குன்று ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொன்று, ஏழு என்கிறார்கள், எண்ணினால் மனம் சோர்ந்துவிடும், எண்ணாதீர்கள். அது முடிந்தால் 2,639 மீட்டரில் எரிமலை வாயின் விளிம்பு, பிளாவாங்கான் செம்பாலூன், முதல் இரவு அங்கே. டென்டைத் திறந்தால் ஒரு பக்கம் மேகம், மறுபக்கம் அறுநூறு மீட்டர் கீழே செகாரா அனாக் ஏரி. குரங்குகள் அங்கே நிறைய, பிஸ்கட் பாக்கெட்டை வெளியே வைத்துவிட்டுத் திரும்பினால் இருக்காது.

அந்த முதல் இரவில்தான் விலை வித்தியாசம் உடம்பில் தெரியும். 2017-ல் எனக்குக் கொடுத்த ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது, துவைத்து எத்தனை மாதமோ, முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்ள முடியாத வாடை. அடியில் விரித்த மெத்தை என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. ராத்திரி காற்று அடிக்கும்போது டென்ட் துணி முகத்தில் வந்து அறைந்தது. தூங்கவே இல்லை, அதோடு அதிகாலை இரண்டு மணிக்கு உச்சிக்குக் கிளம்ப எழுப்பினார்கள். 2024-ல் அதே விளிம்பில், அதே காற்றில், நான்கு மணி நேரம் அசந்து தூங்கினேன், ஒரு கை கனத்துக்கு மெத்தை, சுத்தமான பை, தலையணைகூட கொடுத்தார்கள். தூக்கம் என்பது சொகுசு என்று முன்பு நினைத்திருந்தேன். உச்சிக்குப் போகிறோமா பாதியில் திரும்புகிறோமா என்பதை முடிவு செய்வதே அந்தத் தூக்கம்தான்.

உச்சிக்கான அந்த ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஏற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பேக்கேஜ் விளம்பரத்தில் 'சற்றுக் கடினம்' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் புழுதியும் மர வேரும். அப்புறம் ஒரு நீண்ட முகடு, ஓரளவு நடக்கலாம், வலப்பக்கம் ஏரியை நோக்கி விழும் சரிவு, இருட்டில் தெரியாது, அது நல்லதுதான். அதற்குப் பிறகு கடைசிச் சரிவு. அங்கே தரை என்று ஒன்று இல்லை. கடுகு அளவிலிருந்து எலுமிச்சம்பழ அளவு வரை எரிமலை கக்கிய சரளை, அதில் காலை ஊன்றினால் கணுக்கால் வரை புதைந்து, அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. மூன்று எட்டு வைத்தால் ஒரு எட்டுதான் கணக்கில் சேரும். ஷூவுக்குள் சரளை புகுந்து பாதத்தை அறுக்கும், குனிந்து எடுக்கலாம் என்றால் காற்று நிற்க விடாது, விரல் மரத்துப்போய் நாடாவை அவிழ்க்க முடியாது. மேலே பார்த்தால் முன்னால் போகிறவர்களின் ஹெட்லாம்ப் வெளிச்சம் நட்சத்திரத்தோடு கலந்து தெரியும், எது மலை எது வானம் என்று பிரிக்க முடியாது.

2017-ல் அந்தச் சரிவின் அடியில் எங்கள் கைடு வேகமாகப் போகிற ஆறு பேரோடு போய்விட்டார். பன்னிரண்டு பேருக்கு ஒருவர், அவரும்தான் என்ன செய்வார். பின்தங்கியது நானும் என் தோழியும். அவளுடைய ஹெட்லாம்ப் மங்கி அணைந்தது, ஒரு விளக்கில் இரண்டு பேர், அரை மணி நேரம் ஒரு பாறையின் மறைவில் கையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. விடிந்ததும் இறங்கிவிட்டோம். உச்சி தவறியதில் எனக்கு வருத்தம் இல்லை, எங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை. 2025 ஜூனில் அதே உச்சிப் பாதையில் பிரேசில் நாட்டுப் பெண் ஒருவர் விழுந்து இறந்தார், பனிமூட்டத்திலும் அந்தச் சரிவிலும் உடலை மேலே கொண்டுவரவே நாட்கள் ஆயின. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் தோழி எனக்குப் போன் செய்தாள், இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அதற்குப் பிறகு விதிகளைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். விதி ஏட்டில் இருந்தால் போதாது, உங்கள் குழுவில் கடைசியாக வருகிறவர் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024-ல் நான் போனது கம்பெனி என்று சொல்லும்படியான ஒன்றோடு இல்லை. சேனாருவில் ஒரு குடும்பம், அண்ணன் கைடு, தம்பி சமையல், பக்கத்து வீட்டுக்காரர்கள் போர்ட்டர்கள், பெயர்ப் பலகைகூட இல்லை, இப்படிப்பட்டவர்கள் அந்த ஊரில் பலர் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள். நாங்கள் நான்கு பேர், இரண்டு கைடுகள், நான்கு போர்ட்டர்கள். கிளம்பும் முன் வீட்டு வாசலில் ஒரு தொங்கு தராசை மாட்டி ஒவ்வொரு கூடையையும் நிறுத்தார்கள், இரண்டு கூடையும் சேர்த்து இருபத்தைந்து கிலோவைத் தாண்டினால் சாமானை எடுத்து அடுத்தவர் கூடையில் போட்டார்கள், அப்படியும் மிஞ்சியபோது ஐந்தாவது ஆளைக் கூப்பிட்டார்கள், எங்களிடம் கூடுதல் பணம் கேட்கவில்லை. 600 ரிங்கிட் போன இடம் அந்தத் தராசுதான்.

உச்சி இரவில் கைடு என் பின்னாலேயே வந்தார். "பெலான்-பெலான், புவான்" (மெதுவாக, அம்மா) என்பதைத் தவிர அதிகம் பேச்சில்லை. சரளையில் எப்படி ஏறுவது என்று அவர்தான் காட்டிக் கொடுத்தார், பாதத்தை முழுக்க வைக்காமல், முன்னால் போனவர் கால் பதிந்த குழியிலேயே ஷூ நுனியால் ஒரு உதை உதைத்து, அது நிற்கிறதா என்று ஒரு மூச்சு பார்த்து, அப்புறம் எடையை மாற்ற வேண்டும். இருபது எட்டு, நிற்பது, பத்து மூச்சு, மறுபடி இருபது எட்டு. பினாங்கில் மூன்று மாதம் தண்ணீர்மலைப் படிகளையும் கொடிமலையையும் வாரம் இரண்டு முறை ஏறி இறங்கியிருந்தேன், அது இல்லாமல் போயிருந்தால் கைடு என்ன சொல்லிக் கொடுத்தும் பயன் இருந்திருக்காது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உச்சி. கிழக்கே சும்பாவா தீவு, மேற்கே பாலியின் ஆகுங் மலை மேகத்துக்கு மேல் தனியாக நிற்கிறது. சூரியன் வந்ததும் ரிஞ்சானியின் நிழல் ஒரு முக்கோணமாக ஏரியைத் தாண்டி, காட்டைத் தாண்டி, கடல் மேல் போய்ப் படுத்தது. என் நாற்பத்தாறு வயதில் நான் நின்ற ஆக உயரமான இடம் அது. அழுதேன்.

இறங்கும்போதுதான் அந்த ஏரி என்ன என்பது புரியும். இருட்டில் ஏறியதால் அவ்வளவு உயரத்திலிருந்து அதை முன்பு பார்த்திருக்க மாட்டீர்கள். ரிஞ்சானிக்குப் பக்கத்தில் சாமாலாஸ் என்று இன்னொரு மலை இருந்தது, 1257-ல் அது வெடித்துத் தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது, அந்தப் பள்ளத்தில் தேங்கியதுதான் செகாரா அனாக். கிரீன்லாந்திலும் அன்டார்க்டிகாவிலும் பனிக்குள் படிந்திருந்த கந்தகம் எந்த எரிமலையுடையது என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் தேடிக்கொண்டிருந்தார்கள், 2013-ல்தான் அது இந்த மலை என்று அடையாளம் காட்டினார்கள், லொம்போக்கின் பழைய ஓலைச்சுவடிகளோ பாமாத்தான் என்ற நகரம் அழிந்த கதையை ஏற்கனவே சொல்லிவைத்திருந்தன. ஏரிக்குள் ஒரு சின்னக் கூம்பு நிற்கிறதே, பாருஜாரி, அது இன்னும் உயிரோடு இருக்கிறது, 2015-ல் அது கக்கிய சாம்பலால் பாலி விமான நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. எங்கள் கைடு இதையெல்லாம் புத்தகம் படித்தவர்போல இல்லாமல், சொந்த ஊர்க் கதையாகச் சொன்னார். 2018 ஜூலை, ஆகஸ்ட் நிலநடுக்கங்களையும் சொன்னார். ஜூலையில் மலையில் பாறை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மேலே மாட்டிக்கொண்டார்கள், ஆகஸ்ட் 5-ல் வந்தது 6.9 அளவு, அவர் வீடு அன்று விழுந்தது. வேலை திரும்பக் கிடைக்க எத்தனை மாதம் ஆனது என்று சொல்லும்போது பேச்சை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏரிக்கரையில் ஆயிக் காலாக் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. உச்சியிலிருந்து இறங்கிய கால்களை அதில் அரை மணி நேரம் வைத்திருங்கள், வேறு மருந்து வேண்டாம்.

சாப்பாடு. 2017-ல் இரண்டாம் நாள் இரவிலிருந்து வெறும் மீ பாக்கெட், மூன்றாம் நாள் காலையில் ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி. 2024-ல் நாசி கோரெங், தெம்பே (புளிக்க வைத்த சோயா) வறுவல், கங்குங் கீரை, முட்டை, தேங்காய்ப்பால் விட்ட கோழிக் குழம்பு, வெட்டிய அன்னாசி, காலையில் வாழைப்பழ அடை. லொம்போக் மிளகாய்ச் சம்பல் நம் நாக்குக்கு எந்தக் குறையும் வைக்காது. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் தெம்பேயும் தௌவும் (டோஃபு) கிடைக்கும், ஆனால் மூன்று நாளும் அதுவேதான், பெலாச்சான் (இறால் விழுது) இல்லாத சம்பல் என்பதையும் தனியாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கு அது அசைவமாகவே தோன்றாது. கூட வந்த அக்கா ஒருவர் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுவந்திருந்தார், நல்ல யோசனை.

குறைகளும் உண்டு. உச்சிக்குப் போன அன்றே ஏரிக்கும் இறங்கி, அங்கிருந்து சேனாரு பக்கத்து விளிம்புக்கும் ஏற வைப்பது அதிகம், அந்த மறுபக்க ஏற்றத்தில் பாறையைக் கையால் பிடித்துத்தான் போக வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் நடந்த காலுக்கு அது ஆபத்து. கைடிடம் சொன்னேன், எல்லோருக்கும் விடுமுறை மூன்று நாள்தான் கிடைக்கிறது என்றார். முடிந்தால் நான்கு நாளாக எடுத்து ஏரிக்கரையில் ஓர் இரவு தங்குங்கள். கழிப்பறை டென்ட் கொடுத்தார்கள், குழி தோண்டி மூடினார்கள், அப்படியும் விளிம்பு முகாமைச் சுற்றி மற்றக் குழுக்கள் விட்டுப்போன டிஷ்யூவும் புட்டியும் கிடந்தன, பார்க்க வயிறு எரிகிறது. எங்கள் ஆட்கள் எங்கள் குப்பையோடு அதில் ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கீழே கொண்டுவந்தார்கள்.

ஆகவே தம்பி, அந்த 700 ரிங்கிட்காரரிடம் இதைக் கேள். எத்தனை பேருக்கு ஒரு கைடு, உச்சி இரவில் கடைசியில் வருகிறவனோடு யார் இருப்பார், போர்ட்டர் எத்தனை பேர், ஒருவர் தோளில் எத்தனை கிலோ, ஒரு நாள் கூலி என்ன, அவர்களுக்குத் தூங்க டென்டும் போர்வையும் உண்டா, இன்சூரன்ஸ் உண்டா. பதில் சொல்லாமல் விலையைக் குறைத்தார் என்றால் விட்டுவிடு. உன் இன்சூரன்ஸையும் பார், பல பாலிசிகளில் உயர வரம்பு இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழைக்காக மலையை மூடிவைப்பார்கள், ஜூலையும் ஆகஸ்ட்டும் கூட்டம், மே நல்லது. ஹெட்லாம்புக்கு மாற்று பேட்டரி, தூசிக்கு முகமூடி, சரளை புகாமல் ஷூவுக்கு மேல் கட்டுகிற உறை, இவை மூன்றும் இல்லாமல் கிளம்பாதே.

சேனாருவில் காட்டு வாசலுக்கு வந்ததும் டிப்ஸை ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுத்தேன். மூத்த போர்ட்டர் தண்டைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சில் கை வைத்தார். அவர்களிடமே அடுத்த மே மாதத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறை நான்கு நாள், இறங்குவது தோரெயான் பள்ளத்தாக்கு வழியாக.